ஜாமீன் உபயம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் பொதுக்கூட்டம் நடந்தது. குழந்தைகளைக் கொடுமைப்படுத்துகிறவர்களைச் சும்மா விடக் கூடாது என்று தீர்மானம் போடுகிற கூட்டம். வெளிநாட்டில் சில மாநிலங்களில் இப்படிப்பட்ட குற்றத்துக்கு ஜாமீன் தொகை இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். நமக்கும் அப்படி ஒரு சட்டம் உடனே வேண்டும் என்று மேடையில் ஒருவர் மைக்கைக் கடித்துத் தின்னாத குறையாக முழங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவரை நன்றாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு சிறுமியின் கையை உடைத்தவருக்குத் தன்னால் ஜாமீன் நிற்க முடியவில்லையே என்று கிள்ளான் கோர்ட்டு வராந்தாவில் கண் கலங்கியவர் அவர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எல்லாருக்கும் தெரியும். ஓநாய் மேடையேறித் தீர்மானம் வாசித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முன்வரிசை அம்மாள் ஒருத்தி திரும்பி என்னை முறைத்தாள். தீர்மானம் என்னவோ நல்ல தீர்மானம்தான். நானும் கை தட்டினேன்.

நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அதற்கு முன்பு கிள்ளான் மேஜிஸ்திரேட் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் பிள்ளை பிறக்கும்போதே கவர்மென்ட் வேலையோடு பிறக்க வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அப்பா ரயில்வே, அண்ணன் கஸ்டம்ஸ், நான் கோர்ட்டு. "மகள் கோர்ட்டிலே வேலை" என்று அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லுவார். கோர்ட்டிலே என்ன வேலை என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். திருடன் போலீஸ்காரரைத் திட்டிய வார்த்தையை ஒன்று விடாமல் மலாயில் மேஜிஸ்திரேட்டிடம் சொல்வது மகளின் சம்பளத்தில் அடக்கம் என்பதை எந்தத் தாய்தான் வெளியே சொல்லுவாள்?

ஜாமீனைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஒரு தனிக் கருத்து இருந்தது. சட்டப்படி அது சின்ன விஷயம். குற்றம் சாட்டப்பட்டவர் ஒவ்வொரு தவணைக்கும் தவறாமல் வருவார் என்று வேறொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறார், வராவிட்டால் கையெழுத்துப் போட்டவரின் பணம் போய்விடும், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் இதை அப்படிப் பார்க்கவில்லை. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பம் உபயமாக ஏற்றுக்கொள்ளும் அல்லவா, அதைப்போல இதையும் ஒரு மரியாதையாகப் பார்த்தார்கள். பெரிய மனிதருக்கு ஜாமீன் நின்றவர் பெரிய மனிதர். பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவருக்கு முன்வரிசை நாற்காலி.

இந்தக் கதையின் பெரிய மனிதர் கிள்ளானை அடுத்த மேருவில் லோரி கம்பெனி வைத்திருந்தவர். கோயில் ஒன்றின் தலைவர். அவருடைய வளாகத்தில் முன்னால் மாடி வீடு, நடுவில் லோரி நிறுத்தும் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் வேலையாட்களுக்கு இரண்டு மூன்று அறைகள். ஓர் அறையில் அவருடைய லோரி கெலிண்டான் ஒருவர், அதாவது டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்ச் சாமான் ஏற்றி இறக்குகிறவர், மனைவியோடும் ஒன்பது வயது மகளோடும் குடியிருந்தார். வாடகை கிடையாது. அதற்குப் பதிலாகப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடி வீட்டில் பாத்திரம் கழுவித் தரையைத் துடைத்துவிட்டு வரும். இதை ஊரில் யாரும் வேலை என்று சொன்னதில்லை, "வளர்க்கிறோம்" என்றுதான் சொன்னார்கள்.

ஒருநாள் அந்தப் பிள்ளை கண்ணாடித் தட்டு ஒன்றைப் போட்டு உடைத்தது. தலைவர் லோரியின் பெல்ட்டை எடுத்தார். தடுக்கப் போன கை முறிந்தது. தாயும் தகப்பனும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று முதலாளி சொல்லிக் கொடுத்ததையே சொன்னார்கள். குளியலறைகள் முதுகில் வரி வரியாக அடிப்பதில்லை என்று தெரிந்த ஒரு டாக்டர் போலீசுக்கு எழுதிவிட்டார். இல்லாவிட்டால் இந்த வழக்கே இல்லை.

வழக்கு ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கோர்ட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் வந்தது ஒரு வாலிபனின் வழக்கு. கடையிலிருந்து வீடியோ பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். நிரந்தர விலாசம் இல்லை, அப்பா அம்மா இல்லை, ஆகவே ஓடிவிடுவான் என்று பெரிய தொகையாக ஜாமீன் போட்டார் மேஜிஸ்திரேட். அடுத்து தலைவர் வந்தார். வெள்ளை புஷ் ஷர்ட், நெற்றியில் விபூதி, கோலாலம்பூரிலிருந்து வந்த வக்கீல். வக்கீல் எழுந்து கோயில் திருப்பணி, இரத்த தானம், தமிழ்ப் பள்ளிக்குக் கொடுத்த மின்விசிறி என்று பட்டியல் வாசித்தார். போலீஸ் தரப்பு இன்ஸ்பெக்டர் ஆட்சேபணை ஏதும் இல்லை என்றார். மேஜிஸ்திரேட் வீடியோ பெட்டிக்குப் போட்டதில் பாதியைத் தலைவருக்குப் போட்டார். நிபந்தனை ஒன்றும் இல்லை. பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. குற்றப்பத்திரிகையில் விலாசம் இருந்தது. தலைவருக்கும் பிள்ளைக்கும் ஒரே விலாசம். மேஜிஸ்திரேட்டைக் குற்றம் சொல்ல முடியுமா? வீடியோ பெட்டிக்குக் கடையில் விலை எழுதி ஒட்டியிருக்கிறது, பிள்ளையின் கைக்கு யாரும் விலை எழுதி ஒட்டவில்லையே.

எனக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிவதற்கு மலாயில் நல்ல வார்த்தை இருக்கிறது, ஆனால் மொழிபெயர்ப்பாளர் தன் வயிற்றை மொழிபெயர்க்கக் கூடாது. தலைவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார், அந்தப் பிள்ளை கொட்டகைக்குப் பின்னால் இருக்கும், பிறகு திங்கட்கிழமைக்குள் குளியலறையில் வழுக்கி விழுந்த கதை அதற்கே மனப்பாடம் ஆகிவிடும் என்று நினைத்தபடி கவுண்டர் பக்கம் போனேன். ஜாமீன்தாரருக்கு விளக்கிச் சொல்வதும் என் வேலை.

அங்கே போய்ப் பார்த்தால் சாமி வரம் கொடுத்தும் பூசாரிகள் கொடுக்கவில்லை. கவுண்டருக்கு முன்னால் கோயில் துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஆளுக்கொரு பேங்க் பாஸ் புக்கோடு நின்றார்கள். துணைத் தலைவர் வீடு கட்டும் காண்ட்ராக்டர். செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பொருளாளர் கிள்ளானில் நகைக்கடை வைத்திருந்தவர், அவர்தான் பின்னாளில் பிரிக்ஃபீல்ட்ஸில் முழங்கியவர்.

கவுண்டரில் இருந்த மலாய்க் குமாஸ்தா, "யார் ஜாமின்?" என்று கேட்டார். மூன்று கைகள் நீண்டன.

"தலைவருக்கு ஒண்ணுன்னா துணைத் தலைவர்தான் நிக்கணும். அதுக்குத்தானே துணைன்னு வெச்சிருக்கீங்க?" என்றார் காண்ட்ராக்டர்.

"கோர்ட்டு விவகாரம் எழுத்து விவகாரம். எழுத்துன்னா செயலாளர்" என்றார் தலைமையாசிரியர்.

"பணத்த கட்டுற எடத்துல பொருளாளர் ஒதுங்கி நின்னா ஊர்ல என்ன பேசுவாங்க? காசு இல்லாத ஆளுன்னு பேசுவாங்க. எனக்குக் கடை இருக்கு பாஸ், பேரு முக்கியம்லா" என்றார் நகைக்கடைக்காரர்.

வக்கீல் தலையிட்டார். ஒருவர் போதும் என்றார். அதுதான் தெரியுமே, எந்த ஒருவர் என்பதுதான் பிரச்சினை என்றார்கள். மூன்று பேருமே நில்லுங்கள், சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். முகங்கள் மலர்ந்தன. அடுத்த நொடி துணைத் தலைவர் கேட்டார்: "யாரு பேரு மொதல்ல வரும்?"

வக்கீலுக்குக் கோலாலம்பூரில் வேறு வேலை இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர், போன வருஷத் திருவிழாவில் பரிவட்டம் கட்டும்போது தன்னை மூன்றாவதாக நிறுத்தியதை நினைவுபடுத்தினார். பொருளாளர், தேருக்குப் பெயின்ட் அடித்த செலவை யார் தந்தது என்று கேட்டார். துணைத் தலைவர் தன் மகள் கல்யாணத்துக்கு இவர்கள் இருவரும் தாமதமாக வந்ததைச் சொன்னார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர்கள், கோர்ட்டில் ஜாமீன்தாரராக இருக்க ஆசைப்படுவதில் என்ன ஆச்சரியம்? நான் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். சனிக்கிழமை அரை நாள் என்பதும், கவுண்டர் பன்னிரண்டு மணிக்கு மூடும் என்பதும் அவர்கள் தலைக்கு மேலேயே பெரிய எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்திப் பார்க்கிற நிலையில் யாரும் இல்லை.

மலாய்க் குமாஸ்தா பொறுமைசாலி. மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு பலகைக் கதவை இழுத்து மூடிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டார். அப்போதுதான் பொருளாளருக்குக் கண் கலங்கியது. இவ்வளவுக்கும் தலைவர் கீழே லோக்காப்பில் உட்கார்ந்து வண்டி தயாரா என்று கேட்டு ஆளனுப்பிக்கொண்டிருந்தார். அன்றைய ராத்திரியை அவர் வீடியோ பெட்டி திருடியவனுக்குப் பக்கத்தில் படுத்துக் கழித்தார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. இந்த நாட்டுச் சட்டம் செய்யாததைக் கோயில் கமிட்டி செய்து முடித்தது. நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது வழி முழுவதும் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை காலை செயலாளர் என்னை வராந்தாவில் மடக்கினார். தாங்கள் கண்டுபிடித்த வழியை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கமிட்டி கூடிப் பேசியதாம். மூவரில் எவர் நின்றாலும் மற்ற இருவருக்கும் தலைகுனிவு. ஆகவே பேர் இல்லாத ஓர் ஆள் நிற்க வேண்டும். அப்போது யாருடைய மரியாதையும் ஏறாது, குறையாது. பணத்தை மூவரும் சரிசமமாகப் போட்டுக் காலையிலேயே அந்த ஆள் பெயரில் பேங்கில் கட்டி, பாஸ் புக் வாங்கியாகிவிட்டது.

"யார் அந்த ஆள்?" என்று கேட்டேன்.

"தலைவரோட கெலிண்டான்தான் மிஸ். அந்தப் பொண்ணோட அப்பன்." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "பொருளாளர் ஐடியா. புள்ளையப் பெத்தவனே ஜாமீன் நிக்கிறான்னா அப்புறம் கேஸுல என்னா இருக்கு? பாதி கேஸு இங்கேயே செத்துப்போச்சு."

அவர் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தேன். கம்பெனிப் பெயர் போட்ட காக்கிச் சட்டை, கையில் புதுப் பாஸ் புக். அதைத் திறக்காமல் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டிருந்தார். குற்றப்பத்திரிகையில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் 'இன்னாரின் மகள்' என்று எழுதியிருந்தது. அந்த இன்னார்தான் இவர் என்பது அவருடைய அடையாள அட்டையைப் பார்த்ததும் எனக்கு உறுதியாயிற்று.

ரெஜிஸ்திராரிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர், விதிப்புத்தகத்தை எடுத்தே பார்த்தார். ஜாமீன்தாரர் இந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், விலாசம் இருக்க வேண்டும், பணம் இருக்க வேண்டும். அடிபட்ட பிள்ளையின் தகப்பனாக இருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. "சட்டம் எழுதினவங்களுக்கு இப்படி ஒண்ணு தோணியிருக்காது" என்றார் அவர் மலாயில், மன்னிப்புக் கேட்பதுபோல. எனக்கும் தோன்றியிருக்காது. இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் தோன்றக்கூடிய யோசனை.

ஜாமீன் பத்திரத்தை ஜாமீன்தாரருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். பொதுவாக நான் வாயைத் திறக்கும் முன்பே அவர்கள் தலையாட்டிவிட்டு எங்கே கையெழுத்து என்று கேட்பார்கள். நான் விடமாட்டேன். கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். இது கடமை உணர்ச்சி இல்லை, என் பிடிவாதம். அரசாங்கம் எனக்கு வாசிப்பதற்குத்தான் சம்பளம் தருகிறது, நீ கேட்காமல் எங்கே போகிறாய் என்று ஒரு கோபம்.

அன்றும் வாசித்தேன். இவர் ஒவ்வொரு தவணைக்கும் வரவேண்டும், அதற்கு நீங்கள் பொறுப்பு. வராவிட்டால் பணம் அரசாங்கத்துக்குப் போய்விடும். இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் கோர்ட்டுக்கு வந்து சொல்லி விலகிக்கொள்ளலாம், அப்போது இவரை மறுபடியும் உள்ளே வைப்பார்கள்.

மூன்று பெரிய மனிதர்களும் பக்கத்தில்தான் நின்றார்கள். பூமாலை வந்துவிட்டதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கெலிண்டான் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசியா சொன்னீங்களே மிஸ், அத இன்னொரு தடவ சொல்றீங்களா?"

சொன்னேன். கொஞ்சம் மெதுவாகவே சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தலைவர் வெளியே வந்தார். கோர்ட்டு வாசலில் ஒரு சின்னத் திருவிழாவே நடந்தது. ரோஜா மாலை, பொன்னாடை, போட்டோ. லோக்காப்பின் தோஷம் கழியவேண்டும் என்று பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றி ரோட்டில் போட்டு உடைத்தார்கள். யாரும் மாலை போடும் வரிசைக்குச் சண்டை போடவில்லை, மூவரும் சேர்ந்து ஒரே மாலையைப் பிடித்துக்கொண்டு போட்டார்கள். ஒரு மலாய்ப் போலீஸ்காரர், பூசணிக்காயை யார் கூட்டுவது என்று கேட்டார். பார்த்தவர்கள் எல்லாரும் வழக்கில் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்திருப்பார்கள். தலைவரும் அப்படித்தான் நினைத்தார் என்று படுகிறது.

நான் ஒரு டம்ளர் தே தாரிக் டீ வாங்கப் படி இறங்கும்போது தலைவர் கெலிண்டானின் தோளில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அன்பாகத்தான் பேசினார்.

"நீ லோரியிலே போயிரு. காரைக் கழுவி வெச்சுரு, ரெண்டு நாளா தூசியா கெடக்கும். சாயந்தரம் உன் மகளை மேலே அனுப்பு. நான் அதுகிட்ட கொஞ்சம் பேசணும்."

"சரிங்க மொதலாளி" என்றார் கெலிண்டான்.

தலைவர் போட்டோவுக்குத் திரும்பினார். கெலிண்டான் லோரி நிற்கிற பக்கம் நாலடி நடந்தார். நின்றார். பிறகு திரும்பி, மாலைக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, படியேறி என்னிடம் வந்தார்.

"மிஸ், எனக்கு வேணாம்" என்றார்.

"எது?"

"இந்தப் பொறுப்பு. வேணாம்னா வந்து சொல்லலாம்னு சொன்னீங்களே. வந்துட்டேன்."

தே தாரிக்கை மறந்துவிட்டு அவரை ரெஜிஸ்திராரிடம் அழைத்துப் போனேன். ரெஜிஸ்திரார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேஜிஸ்திரேட்டிடம் போனார். மேஜிஸ்திரேட் சாப்பாட்டுக்கு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். பூசணிக்காயைப் பற்றிக் கேட்ட அதே போலீஸ்காரரைக் கீழே அனுப்பினார்கள். போட்டோகிராபர் "ரெடி" சொன்ன சமயத்தில் அவர் போய்த் தலைவரின் கையைப் பிடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் போட்டோ யாரிடமாவது இருந்தால் என் சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்கியிருப்பேன்.

தலைவர் கழுத்தில் மாலையோடு குற்றவாளிக் கூண்டில் ஏறினார். மேஜிஸ்திரேட் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைக் கழற்றச் சொல் என்றார். என் உத்தியோக வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக மொழிபெயர்த்த வாக்கியம் அதுதான்.

பிறகு மேஜிஸ்திரேட், ஜாமீன்தாரரைப் பார்த்து ஏன் விலகுகிறாய் என்று கேட்டார். அந்தக் கோர்ட்டில் அந்த மனிதரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. தகப்பன் என்ற முறையில் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜாமீன்தாரரான பிறகுதான் அவர் வாயைத் திறக்க ஓர் இடம் கிடைத்தது.

"துவான், ஐயா," என்றார். "சனிக்கிழமையும் நேத்தும் என் மக நல்லாத் தூங்குனா. அவரு லோக்காப்புல இருக்காருன்னு நான் சொன்னேன், அதான் தூங்குனா. இன்னிக்கி வெளிய வந்துட்டாரு. சாயந்தரம் புள்ளைய மேல அனுப்புன்னு சொல்றாரு. எங்க ரூமுக்கும் அவரு வீட்டுக்கும் நடுவுல லோரிதான் துவான் நிக்கிது, வேற ஒண்ணும் இல்ல."

நான் மலாயில் சொன்னேன். மேஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டார். இவர் யார் என்று என்னைக் கேட்டார். பிள்ளையின் அப்பா என்றேன். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஃபைலைப் பார்த்தார். ஃபைல் யாரையும் பார்க்கவில்லை.

கெலிண்டான் இன்னும் முடிக்கவில்லை.

"இவர கோர்ட்டுக்குக் கொண்டாந்து நிறுத்துறதுக்கு ஒரு பாரத்துல கையெழுத்துக் கேட்டீங்க, போட்டேன். இவரு என் மக பக்கத்துல வராம இருக்குறதுக்கு எந்தப் பாரத்துல துவான் கையெழுத்துப் போடணும்?"

இதை மொழிபெயர்க்க நான் இரண்டு தடவை தொடங்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு எத்தனையோ கொடூரங்களைக் குரல் மாறாமல் சொன்னவள் நான். மேஜிஸ்திரேட் என்னை அவசரப்படுத்தவில்லை. அவர் மேசையில் இருந்த காகிதங்களைப் புரட்டினார், அப்படி ஒரு பாரம் எங்காவது இருக்கக்கூடும் என்று தேடுவதுபோல. பிறகு, இல்லை என்று தலையசைத்தார். அதையும் நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

இல்லாத பாரத்துக்குப் பதிலாக அவர் கையாலேயே எழுதினார். வழக்கு முடியும்வரை அந்த வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது, பிள்ளையையோ பெற்றோரையோ நெருங்கக் கூடாது. ஜாமீன் தொகை வீடியோ பெட்டியைத் தாண்டி எங்கோ போயிற்று. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும் என்றார். நான் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். துணைத் தலைவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். செயலாளருக்கு மூச்சு வாங்கியது. பொருளாளருக்குக் கடையில் ஏதோ அவசரம், ஏற்கெனவே வெளியே போய்விட்டார். மாலையைக் கழற்றிய தலைவருக்கு ஜாமீன் நிற்பதில் என்ன மரியாதை இருக்கிறது? போலீஸ் வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. வழக்கு அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் இழுத்தது, தண்டனையும் கிடைத்தது, அப்பீலும் நடந்தது.

கெலிண்டான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவில்லை.

"அப்ப இன்னிக்கி அவரு வரமாட்டாரு?"

"வரமாட்டார்."

"மககிட்ட சொல்லணும்." எழுந்தார். "நான் சொன்னா நம்ப மாட்டா மிஸ். அந்த வீட்டுல போயி வேல செய்யின்னு கையப் புடிச்சுக் கொண்டுபோயி விட்டதே நான்தான். நீங்க வந்து சொல்றீங்களா?"

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு மேரு பஸ்ஸில் ஏறினேன். மொழிபெயர்ப்பாளர் வழக்கு சம்பந்தப்பட்டவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று விதி இருந்தது. விதிகளைப் பற்றி அன்று எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

கொட்டகையில் லோரிகள் நின்றன. பின்னால் அந்த அறை. தாய்க்காரி கதவைத் திறந்தாள். பிள்ளை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து, என்னால் முடிந்த அளவு எளிய தமிழில் சொன்னேன். கோர்ட்டிலே பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார், இன்றைக்கு அவர் வரமாட்டார்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எத்தன நாளைக்கு வரமாட்டாரு?"

வழக்கு முடிகிற வரைக்கும், அல்லது மேல் கோர்ட்டு நிபந்தனையைத் தளர்த்துகிற வரைக்கும் என்பதுதான் சரியான பதில். தமிழில் அதற்கு வார்த்தைகளும் இருந்தன.

அவளுடைய அப்பாதான் பதில் சொன்னார். "அவரு எப்ப வேணா வரட்டும்மா. நாம இங்க இருக்கப் போறதில்ல."

தாய்க்காரி கட்டிலுக்கு அடியிலிருந்து ஏற்கெனவே கட்டி வைத்திருந்த மூட்டையை இழுத்தாள். அவளுடைய தங்கை போர்ட் கிள்ளானில் இருந்தாள். நான் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டேன். கம்பெனிச் சட்டையைக் கழற்றிக் கதவில் தொங்கவிட்டுவிட்டு, பனியனோடு அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று ஜன்னல் பக்கம் அவளுக்கு இடம் விட்டேன். அவள் உட்கார மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் என்றாள். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துக் கண்ணாடியை மறைத்துக்கொண்டேன்.